ஏரித் தொடரும் நீர்வளக் கல்வியும்

குலோத்துங்கன் என்னும் புனைபெயரை நம் வட்டத்தில் அறியாதார் இலர். 'வாழும் வள்ளுவம்' நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்காகப் பல்லாண்டு வாதாடியவர். அவரே டாக்டர் வா. செ. குழந்தைசாமி என்பதும், 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார் என்பதும் பலருக்குத் தெரிந்தவையே. ஆயின் அவர் கற்றதும் கற்பித்ததும் நீரியல் என்னும் துறையை என்பது மட்டும் இலக்கியக் கூட்டங்களில் ஏனோ பேசப்படுவதில்லை. 2016 டிசம்பரில் அவர் மறைந்தபோது வந்த இரங்கல் உரைகளிலும் கவிஞரும் கல்வியாளரும் நிறைந்திருந்தனர். நீரியலாளர் ஓரத்தில் நின்றார்.

நீரைப் பற்றித் தமிழில் எழுதுவோர் புறநானூற்றில் புறப்பட்டுக் கல்லணையில் இளைப்பாறுவது வழக்கம். நடந்து நடந்து தேய்ந்த வழி அது. இக்கட்டுரை வேறொரு வழியில் செல்ல விரும்புகிறது. நீர்வளப் பொறியியல் என்று இன்று பட்டமேற்படிப்பில் கற்பிக்கப்படும் கல்வி எங்கிருந்து வந்தது, அது பாலாற்றுப் படுகையின் ஏரியையும் கிணற்றையும் எப்போது கண்ணெடுத்துப் பார்த்தது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

குழந்தைசாமி காரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். முடித்தபின் அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே வென் டி சௌ என்னும் சீனத்தில் பிறந்த பேரறிஞர் நீரியல் கற்பித்து வந்தார். அவரிடம் பயின்று 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வுப் பொருளைச் சொல்ல ஒரு வரி போதும்: ஒரு நிலப்பரப்பில் பெய்யும் மழை, ஆற்றில் வெள்ளமாக வந்து சேர்வது எவ்வாறு? உழவன் ஒவ்வொரு ஐப்பசியிலும் வானத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்விதான். விடைதான் கடினம்.

1932இல் ஷெர்மன் என்னும் அமெரிக்கர் இதற்கு ஓர் எளிய வழி கண்டிருந்தார். குறிப்பிட்ட காலத்தில் பெய்யும் ஓர் அலகு மழைக்கு ஆற்றில் எழும் வெள்ளத்தின் வடிவத்தை ஒருமுறை வரைந்துகொண்டால் போதும். இரண்டு அலகு மழைக்கு அதை இரட்டித்துக்கொள்ளலாம் என்றார். 1957இல் நாஷ் என்னும் ஐரிஷ் நாட்டுப் பொறியாளர் மேலும் ஒரு படி சென்றார். நிலப்பரப்பை ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த பல நீர்த்தேக்கங்களின் தொடராகக் கற்பனை செய்தார். மேல் தேக்கத்தில் விழும் மழை அதிலிருந்து வழிந்து அடுத்ததற்குச் செல்லும், அங்கிருந்து அடுத்ததற்கு, கடைசித் தேக்கத்திலிருந்து வழிவதே ஆற்று வெள்ளம். ஜப்பானில் சுகவாரா என்பவரும் நிலத்தை அடுக்கடுக்கான நீர்த்தொட்டிகளாகவே உருவகித்தார். குழந்தைசாமியின் பங்களிப்பு இவற்றினும் பொதுமையானது. ஒரு படுகையில் தேங்கி நிற்கும் நீரின் அளவு, வரத்தையும் போக்கையும் மட்டுமன்றி, அவை எத்தனை விரைவில் மாறுகின்றன என்பதையும் பொறுத்தது என்று கொண்டு, முன்னைய முறைகள் பலவற்றைத் தன்னுள் அடக்கும் ஒரு சமன்பாட்டை அமைத்தார். சௌவும் அவரும் இணைந்து 1971இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் அது இருவர் பெயராலும் நீரியல் நூல்களில் இடம்பெற்றது. கொங்கு நாட்டுச் சிற்றூரில் பிறந்த தமிழர் ஒருவரின் பெயர் உலக நீரியல் பாடத்தில் ஏறியது சிறிய செய்தியன்று.

இனிச் சற்று நின்று, நாஷ் தாளில் வரைந்த அந்தத் தேக்கத் தொடரை நினைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு அது கற்பனை. தொண்டை மண்டலத்துக்கு அது நிலம். மேலூர் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்நீர் கீழூர் ஏரிக்கு வரத்து. கீழூர் ஏரியின் கோடி அதற்கும் கீழுள்ளதற்கு வரத்து. மகேந்திரவாடிக் குடைவரைக் கல்வெட்டு, முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் அமைந்த மகேந்திர தடாகத்தைக் குறிக்கிறது. அவன் காலம் ஏழாம் நூற்றாண்டு. காவேரிப்பாக்கம் ஏரியும் மாமண்டூர் ஏரியும் பல்லவர் காலத்தன. உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்னும் குழு குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டதை 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய பராந்தகன் கல்வெட்டுகள் சொல்கின்றன. இவை யாவும் பாலாற்றுப் படுகையைச் சார்ந்தவை. ஆற்காட்டுக்குத் தெற்கே சற்றேறக்குறைய 20 கி.மீ. தொலைவில், பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் இடைப்பட்ட நம் கலவையும் இந்த ஏரி நாட்டின் நடுவில்தான் இருக்கிறது.

அப்படியாயின் சமன்பாடு நம் நாட்டுக்கென்றே பிறந்தது போலன்றோ தோன்றுகிறது? தோற்றம் அவ்வளவுதான். நாஷின் தேக்கத்துக்கு வாய் ஒன்றே. உள்ளே எவ்வளவு நீரோ அதற்கேற்ப வெளியேறும். நம் ஏரிக்கு மதகும் உண்டு, கலங்கலும் உண்டு. மதகைத் திறப்பவர் நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எந்த முறையில் எத்தனை நாழிகை என்பது அவர் நினைவிலும் ஊர் வழக்கிலும் இருந்தது. கலங்கல் மீது ஒரு சாண் மண் கொட்டி உயர்த்தினால் மேலூர்க்காரருக்கு நிலம் முழுகும். இடித்துத் தாழ்த்தினால் கீழூர் வாழும். இரண்டுக்கும் நடுவே நடந்த வழக்குகளுக்குக் கணக்கில்லை. ஏரியில் தூர் ஏறும், வரத்துக்கால் அடைபடும். இவையெல்லாம் சமன்பாட்டுக்குள் வாரா.

இன்னொன்றும் உண்டு. இரட்டிப்பு மழைக்கு இரட்டிப்பு வெள்ளம் என்னும் கணக்கு, ஏரி உடையும் கணத்தில் தானும் உடைந்துபோகிறது. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளம் மழையால் மட்டும் வந்ததன்று. மேலே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து, தேங்கிய நீரெல்லாம் ஒருசேர இறங்கியதால் வந்தது. அதன்பின் 118 ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில், வாலாஜாப்பேட்டை அருகே பாலாற்று அணைக்கட்டில் வெள்ளம் நொடிக்கு ஒரு லட்சம் கன அடியை எட்டியது. ஆற்றை மணற்பரப்பாகவே கண்டு வளர்ந்த தலைமுறை பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தது.

இக்கல்வியின் வேர் ஏரியில்தான் இருந்தது என்பது பலர் கவனியாத செய்தி. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் தொடக்கம், 1794இல் மைக்கேல் டாப்பிங் என்பவர் சென்னையில் நிறுவிய நில அளவைப் பள்ளி. அந்த டாப்பிங் கடலோரங்களையும் ஆறுகளையும் அளந்தவர். கும்பினி ஆட்சி ஏரிகளைச் செப்பனிடுவதற்கென ஒரு மேற்பார்வைப் பதவியை ஏற்படுத்தியபோது அதில் முதலில் அமர்ந்தவரும் அவரே. நில அளவையும் ஏரிப் பராமரிப்பும் ஒருவர் கையில் இருந்தன. 1796இல் அவர் இறந்தார். பிறகு காலம் வேறு பக்கம் திரும்பியது. காவிரி, கோதாவரி, கிருஷ்ணா எனப் பேராறுகளின் மீது அணைக்கட்டுகள் எழுந்தன. கங்கைக் கால்வாய்க்கு ஆள் வேண்டி 1847இல் ரூர்க்கியில் கல்லூரி பிறந்தது. பெருவேலைக்கே பெரும்புகழ், ஏரி 'சிறுவேலை' ஆயிற்று.

பாலாற்றிலும் 1850களில் அணைக்கட்டு கட்டப்பட்டது. ஆனால் அது காவிரி அணைபோல் வயலுக்கு நேரே நீர் விடுவதன்று. காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என நான்கு கால்வாய்களின் வழியே ஏரிகளை நிரப்புவதே அதன் வேலை. அதாவது ஆங்கிலேயப் பொறியாளரும் இங்கே பல்லவர் ஏரிகளுக்கு வாய்க்கால் வெட்டியவரே. அக்காலத்தில்தான் ஊரார் கூடிச் செய்த குடிமராமத்துச் சட்டத்தின் கட்டாயத்துக்குள் வந்தது. 1858ஆம் ஆண்டுச் சட்டம் அது. தானாகச் செய்ததைத் தண்டனைக்கு அஞ்சிச் செய்யச் சொன்னால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று. 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்று தொடங்கிற்று. பல்லாயிரம் ஏரிகளின் அளவுகளை ஏட்டில் பதிவதாகவே அதன் பெரும்பயன் முடிந்தது.

அந்தப் பதிவுகளின் காலத்தில் பிறந்த சூத்திரம் ஒன்றை இன்றும் ஒவ்வொரு பொறியியல் மாணவரும் படிக்கிறார். ரைவ்ஸ் என்பவர் 1884இல் சென்னை மாகாணத்துக்கென வகுத்தது. நீர்ப்பிடிப்பின் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் கனமூலத்தை இருமடி ஆக்கி, ஒரு கெழுவால் பெருக்கினால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் வெள்ளம் வரக்கூடும் என்பது கிடைக்கும். அந்தக் கெழுதான் சுவையானது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் என்றால் 6.8; 80 முதல் 160 கி.மீ. வரை 8.5, மலையடிவாரச் சிறு பரப்புகளுக்கு 10.2. கலவை, கோவளக் கடற்கரையிலிருந்து நேர்கோட்டில் 80 கி.மீ. எல்லைக்குச் சற்று அப்பால் விழுகிறது. ஓர் ஏரியின் நீர்ப்பிடிப்பு 27 சதுர கி.மீ. என்று கொள்வோம். 27இன் கனமூலம் 3; இருமடி 9. நம் கெழு 8.5ஆல் பெருக்கினால் 76.5. அதே ஏரி பத்துப் பதினைந்து கி.மீ. கிழக்கே இருந்தால் 61.2 மட்டுமே. எல்லைக் கோட்டுக்கு இப்பால் இருப்பதால் கலங்கலின் நீளம் கால் பங்கு கூட வேண்டும். மழை அந்தக் கோட்டை அறியாது என்பது வேறு. ஆயினும் இச்சூத்திரத்தை நான் எள்ளுவதில்லை. மழைமானியும் ஆற்றளவியும் அரிதாயிருந்த நாளில் எண்ணற்ற ஏரிகளின் கலங்கலைப் பார்த்துப் பார்த்துக் கண்டறிந்த பட்டறிவு அது. தமிழ் நிலத்து ஏரி, பாடநூலில் விட்டுச்சென்ற கையெழுத்து என்றே சொல்வேன்.

இனி, பாலாற்றின் தலையெழுத்தோடு நெருங்கிய ஒருவரைச் சொல்ல வேண்டும். ஆல்பிரட் சாட்டர்டன் 1888இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். கல்லூரி அந்நாளில் சேப்பாக்கத்தில் இருந்தது. கிண்டிக்குச் சென்றது 1920இல். சாட்டர்டன் வகுப்பறையில் அடங்கும் மனிதர் அல்லர். உழவர்கள் கவலை கட்டி மாட்டைக் கொண்டு நீர் இறைப்பதைப் பார்த்து, அதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு, எண்ணெய் இயந்திரத்தால் இறைத்தால் என்ன என்று சோதனைகள் நடத்தினார். (தென்பாண்டி நாட்டார் கமலை என்பதை நம் பக்கத்தார் கவலை என்பர், ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து இடம்மாறினால் போதும்.) இயந்திர இறைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1912இல் சென்னையில் வெளிவந்தது. அதே சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னையில் தோலைக் குரோமியத்தால் பதனிடும் முறையைச் சோதித்துப் பரப்பினார். அதுவரை இங்கே ஆவாரம் பட்டையே பதனிடு பொருள். 1906இல் மாகாணத்தின் தொழில்துறைப் பொறுப்பை ஏற்றார். 1912இல் மைசூருக்குப் போனார்.

கிணற்றில் இயந்திரம், தோலில் குரோமியம்: இரண்டும் ஒரே பொறியியல் பேராசிரியரின் கையிலிருந்து நம் மாகாணத்தில் ஊன்றப்பட்டவை. இரண்டும் உழவனுக்கும் தொழிலாளிக்கும் நன்மை கருதிச் செய்யப்பட்டவை என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் இரண்டும் தனித்தனியே வளர்ந்தன. பிறகு பாலாற்றங்கரையில், மண்ணுக்கு அடியில், அவை சந்தித்துக்கொண்டன.

சந்திப்பு நேர்ந்த விதம் இது. 1960களிலும் 1970களிலும் மின்சாரம் வந்தது, பம்புசெட்டுகள் பெருகின. பசுமைப் புரட்சியின் விளைவை நேரில் ஆராய எண்ணிய கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகக் குழு 1973-74இல் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களையே தேர்ந்தெடுத்தது. பி. எச். பார்மர் தொகுத்து 1977இல் வெளிவந்த அவ்வாய்வு நூலில் கிணறும் பம்புசெட்டும் முதன்மை இடம் பெற்றன. ஏரி நீரை நம்பிய ஊர், தனித்தனிக் கிணற்றை நம்பும் ஊராக மாறிக்கொண்டிருந்தது. ஏரியைப் பேண ஊர் கூட வேண்டும். கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கிடைத்தால் போதும். அதே காலத்தில், 1972இல் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டும் குறைக்கப்பட்டும் வந்தது. முழுமையாக்கிய தோலையே அனுப்ப வேண்டும் என்றானது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என ஆற்றின் போக்கிலே தோல் ஷாப்புகள் பெருகின. ஆவாரம் பட்டைக்குப் பதில் குரோமியம் ஏறியது. நாட்டுக்கு அன்னியச் செலாவணியும் பல்லாயிரவருக்கு வேலையும் கிடைத்தன. இதை மறைத்துத் தோல் தொழிலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது.

ஆற்றோரக் கிணற்றில் பம்பு ஓடும்போது நீர்மட்டம் தாழ்கிறது. மட்டம் ஆற்றுப்படுகையை விடத் தாழ்ந்தவுடன், அதுவரை நிலத்திலிருந்து ஆற்றுக்கு ஊறிய நீர், திசை மாறி ஆற்றிலிருந்து கிணற்றுக்கு ஊறத் தொடங்குகிறது. பட்டமேற்படிப்பில் நிலத்தடி நீரியல் படிப்போர் இதைக் கற்கிறார்கள். மணல் வழியே வடிந்து நல்ல நீர் கிடைக்கும் வழியாகவே பாடநூல் இதைப் பாராட்டும். ஆனால் ஆற்றில் ஓடுவது கழிவுநீராயின்? கிணறு தன் கையாலேயே நஞ்சை இழுத்துக்கொள்கிறது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தோலில் ஏற்றும் மூவிணைதிறன் குரோமியம் பெரும்பாலும் மண்ணிலும் சேற்றிலும் படிந்துவிடும். தோல் கெடாதிருக்கத் தூவிய உப்போ நீரோடு நீராக நெடுந்தொலைவு போகும். வயலைக் கெடுத்தது பெரிதும் அந்த உப்பே. சோடியம் ஏறிய களிமண் இறுகி, நீரை உள்ளே விடாமல் பாறைபோல் ஆகிறது. ராணிப்பேட்டையின் கதை வேறு. அங்கே குரோமிய உப்புகளைச் செய்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1995இல் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை மலைபோல் விட்டுச் சென்றது. அதிலிருப்பது நீரில் கரைந்து நகரும் ஆறிணைதிறன் குரோமியம். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருத்தலாகாது என்பது விதி. உலகின் மிக மாசுற்ற பத்து இடங்களின் பட்டியலை 2006இல் ஓர் அமெரிக்க நிறுவனம் வெளியிட்டபோது ராணிப்பேட்டை அதில் இருந்தது.

இவ்வளவும் நடந்தபோது நீர்வளக் கல்வி என்ன செய்துகொண்டிருந்தது? வளராமல் இல்லை. 1955இல் ரூர்க்கியில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பொறியாளர்களுக்கென நீர்வள மேம்பாட்டுப் பயிற்சி மையம் எழுந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டில் பொறியாளரும் பொருளியலாளரும் அரசியலறிஞரும் ஒன்றாக அமர்ந்து 'நீர்வள முறைமை' என்னும் கருத்தை உருவாக்கத் தொடங்கினர். 1962இல் அவர்கள் நூல் வெளிவந்தது. நீரியக்கவியல் நீர்வளப் பொறியியல் ஆனதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அம்முறைமைக்கு நீண்டகால அளவுப் பதிவுகள் வேண்டும். பெரிய அணைக்கு அவை உண்டு, ஏரிக்கு இல்லை. நிலத்தடி நீரிலும் இதே கதை. 1935இல் தைஸ் வகுத்த சமன்பாடு, எல்லையற்ற, ஒரே சீரான மணற்படுகையில் ஊசிபோல் நுழைந்த கிணற்றை எண்ணி எழுந்தது. நம் கிணறோ அகன்று வெட்டி, சிதைந்த பாறையின் வெடிப்புகளில் நீர் கசிய நிற்பது. பம்பு ஓடத் தொடங்கியதும் முதலில் வருவது கிணற்றிலேயே தேங்கிய நீர். இதற்கான திருத்தத்தைப் பபடாபுலஸ், கூப்பர் என்னும் இருவர் 1967இல்தான் தந்தனர்.

அளவு பற்றிய கணக்கில் ஆழ்ந்த கல்வி, தன்மை பற்றிய கேள்வியைச் சுற்றுச்சூழல் பொறியியல் என்னும் அடுத்த துறைக்குத் தள்ளிவிட்டது. 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. தோல் தொழில்நுட்பமும் நீர்வளப் பொறியியலும் ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டங்கள். ஒரு பாலாற்றின் இரு பாதிகளை ஒரே ஊரில் அடுத்தடுத்துப் படித்தார்கள். பொதுவாக ஒரு வகுப்பில் அமர்ந்து படிக்கவில்லை.

ஆகவே கிணறுகளை எண்ணும் வேலையைப் பிறர் செய்தனர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பைத் தர வேண்டும் என்னும் நெறியையும் முன்னெச்சரிக்கை நெறியையும் இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. இன்று உலகெங்கும் சட்ட மாணவர் படிக்கும் தீர்ப்பு. அதில் உள்ள எண்களின் பிறப்பிடத்தைப் பார்க்க வேண்டும். 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பாழ்பட்டது என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் தந்த மதிப்பீடு. 467 கிணறுகளில் 350 கெட்டன என்பது, திண்டுக்கல் பக்கத்து 13 ஊர்களில் தொண்டமைப்பு ஒன்று நடந்து எண்ணியது. நீர்வளப் பட்டமேற்படிப்புத் துறை எதன் பெயரும் அந்த வரிகளில் இல்லை.

தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்தில் 29,000க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் என்று கணித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கும் கீழே. ஒரு பம்புசெட்டும் அதற்கான குழாயும் வாங்கினால் தீர்ந்துவிடும். கழிவுநீரைப் பொதுவில் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. அவற்றில் சேர்ந்த சேற்றுக்கு வழி காணப்படவில்லை. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படியொரு சேற்றுத் தொட்டியின் சுவர் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் மாண்டனர். 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புரைக்க நேர்ந்தது. எஞ்சிய இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுக்கவும், நிலைமையைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் அது ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 34 ஆண்டுகள். மனுவின் நாளில் பிறந்த பிள்ளை பட்டமேற்படிப்பு முடித்துப் பத்தாண்டு ஆகியிருக்கும்.

கல்வி அசையாமலே இருந்தது என்று நான் சொன்னால் அது பொய்யாகும். குழந்தைசாமி துணைவேந்தராயிருந்த அந்தப் பத்தாண்டிலேயே ஏரி கிண்டிக்குத் திரும்பி வந்தது. 1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு ஏரிகளைப் புதுப்பிக்கும் திட்டம் தமிழகத்தில் நடந்தது. அதே ஆண்டில் திருச்சியை அடுத்த துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் தோன்றியது. அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையத்தின் இயக்குநராயிருந்த பேராசிரியர் ஆர். சக்திவடிவேல் போன்றோர் மதகின் விட்டத்தோடு நில்லாமல் ஆயக்கட்டு உழவரின் அமைப்பையும் ஆய்வுப் பொருளாக்கினர். செங்குன்றத்தை அடுத்த பாடியநல்லூர் ஏரியில் அம்மையம் உழவரோடு சேர்ந்து செய்த பணி, பொறியாளர்களுக்குப் புதிய பாடம். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பொருளியலாளர் எஸ். ஜனகராஜன், பாலாற்று அணைக்கட்டு ஏரிகளின் நீர்க்கட்டிகளைத் தேடித் தேடி அவர்தம் முறையை எழுதினார்; 2002இல் உழவரையும் தோல் தொழிலாரையும் ஒரே மேசையில் அமர்த்திய முயற்சியிலும் அவர் முன்நின்றார். 2005க்குப் பின் அண்ணா பல்கலைக்கழக மையம் டாக்கா, நேபாளம், பேராதனை ஆகியவற்றின் கல்வி நிறுவனங்களோடு இணைந்து, நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத் துணையுடன், சமூகவியலும் பெண்ணிலையும் சேர்ந்த ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மைப் பட்டமேற்படிப்பை வளர்த்தது. உதவித்தொகை பெற்ற மாணவியர் ஊர்களுக்குச் சென்று, யார் குடம் சுமக்கிறார் என்பதையும் கணக்கில் எழுதினர். டாப்பிங் கையிலிருந்து நழுவியது இருநூறு ஆண்டு சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது எனலாம்.

மொழி மட்டும் திரும்பவில்லை. இதில் நம் வட்டத்தார்க்கும் பங்குண்டு என்பதால் சொல்கிறேன். குழந்தைசாமி அறிவியல் தமிழுக்காக உழைத்தவர். அண்ணா பல்கலைக்கழகத்தின் வளர்தமிழ் மன்றம் 'களஞ்சியம்' என்னும் இதழை நடத்தியது. 2010இல் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் இளநிலையில் தமிழ் வழியில் தொடங்கப்பட்டன. பட்டமேற்படிப்பு ஆங்கிலத்திலேயே நிற்கிறது. கலங்கல், மதகு, வரத்துக்கால், தூர், ஆயக்கட்டு, நீர்க்கட்டி என்று ஒரு முழுத் துறைக்கான சொற்கள் நம்மிடம் இருந்தும், ஓர் ஏரியைப் பற்றி எழுதிய ஆய்வேட்டை அந்த ஏரியின் ஆயக்கட்டுக்காரர் எடுத்துப் படிக்க முடியாது. நீர்க்கட்டியின் சொற்களை ஆங்கிலத்தில் மாற்றிப் பட்டம் பெறுகிறோம். அவரிடம் அதைத் திருப்பிச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை என்கிறோம். கலைச்சொல் ஆக்குவோர் புதிய சொல்லை உருவாக்கத் துடிப்பதை விட, ஏரிக்கரையில் உட்கார்ந்து பழைய சொல்லைக் கேட்டெழுதினால் பாதி வேலை முடியும்.

கலவை வட்டாரத்து இளைஞரில் சிலர் இன்று பொறியியல் படித்து, சிலர் மேற்படிப்புக்கும் போகின்றனர். ஊரிலேயே ஆதிபராசக்தி வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. பலர் ராணிப்பேட்டைக்கும் ஆற்காட்டுக்கும் ஷூ கம்பெனி வேலைக்கு நாள்தோறும் போய் வருகின்றனர். நாம் பாலாற்றங்கரையில் இல்லை; நம் கிணற்றுக்கும் தோல் ஷாப்புக்கும் நேர்த் தொடர்பில்லை என்று நிம்மதியாய் இருக்கலாம். ஆனால் கெடாத நீர் எது என்று அளந்து எழுதி வைத்திருந்தால்தான் கெட்ட நாளைக் காட்ட முடியும். 1991இல் மனுச் செய்தோர் பட்ட இடர்ப்பாடு அதுதான். பழைய அளவு இருந்த கிணறு அரிது.

கலவை ஏரியையும் அதன் மேலும் கீழும் உள்ள ஏரிகளையும் ஒரு தொடராக எடுத்து ஒரு முதுநிலை மாணவர் ஆய்வு செய்யலாம். ஒவ்வொரு ஏரியின் கலங்கலிலும் ஓர் அளவுகோல்; ஒரு மழைமானி; ஆயக்கட்டில் பத்துக் கிணறுகளில் புரட்டாசியிலும் தையிலும் நீர்மட்டமும் உப்பும். கோடி போன ஆண்டுகளை ஏரிக்கரையில் வாழும் முதியோர் நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம். 2021ஆம் ஆண்டுக் கோடி எந்தக் கல் வரை ஏறியது என்பதைக் காட்ட இன்னும் ஆள் இருக்கிறார்கள். மூன்று பருவமழை போதும், நாஷின் தொடரில் எத்தனை தேக்கம் நம் தொடருக்குப் பொருந்தும் என்று பார்க்க. அளவுகோலுக்கு மரப்பலகையும் வண்ணமும் போதும். உப்பை அளக்கும் சிறு கருவி சட்டைப் பையில் அடங்கும்.